குற்றாலத்து வரிசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. நடுவில் மூணு நாள் குற்றாலம் போய் வந்தோம். அதைக் கேள்விப்பட்ட சென்னை நண்பர் ஒருத்தர் போனில் பிடித்துக்கொண்டார். "சீசன்ல, அதுவும் ஞாயிற்றுக்கிழமையா போனீங்க? யாராவது போவாங்களா? அந்தக் கூட்டத்துல தலைகூட நனையாதே! ஒரு செவ்வாய், புதன் பாத்துப் போயிருக்கலாம்ல?" என்றார்.

அவர் சொல்றதில் தப்பு இல்லை. ஆனா அந்த வரிசையில் ரெண்டு மணி நேரம் நின்றபோது எனக்கு வேற ஒண்ணு தோணிச்சு. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியல. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மயிலத்துப் பக்கம். அருவி என்று சொல்லிக்கொள்ள இங்கே எதுவும் கிடையாது. பாறைக் குன்று உண்டு, கரம்பு உண்டு, மல்லாட்டைக் கொல்லி உண்டு. தண்ணி என்றால் எங்களுக்கு ஏரித் தண்ணி, கெணத்துத் தண்ணி, இப்போ போர்த் தண்ணி. செஞ்சி மலைப் பக்கம் இருந்து வரும் வராக நதியை சங்கராபரணி என்றும் சொல்வாங்க. வருஷத்தில் பாதி நாள் அதில் மணல்தான் தெரியும். அதன் குறுக்கே கட்டின வீடூர் அணைக்கு முழு உயரமே 32 அடிதான்.

பக்கத்து அருவி என்றால் கல்வராயன் மலையில் மேகம் அருவியும் பெரியார் அருவியும். 2019 நவம்பர் வரை அந்த மலை எங்க விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாதம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு, மலையும் அவங்களோட போச்சு. அதே மாதத்தில்தான் திருநெல்வேலியில் இருந்து தென்காசியைப் பிரித்தாங்க, குற்றாலம் தென்காசி மாவட்டத்துக்குப் போச்சு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்து எங்க விழுப்புரத்தை உண்டாக்கினது 1993-இல். அருவி அங்கேயேதான் விழுது. மாவட்டம்தான் மாறிக்கிட்டே இருக்கு.

தண்ணியைத் தேக்கி வைக்கிற ஊர்க்காரங்க நாங்க. எங்களுக்கு வடக்கே உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் குடவோலைக்காகப் படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டு. அதில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரே ஆள் தேர்ந்தெடுத்திருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தண்ணியைப் பற்றின எங்க கவலை அதுதான்: வருவதை நிறுத்தி வை, வடகிழக்குப் பருவமழை கொடுக்கிற ரெண்டு மூணு மாசத் தண்ணியை வருஷம் முழுக்கப் பங்கு போடு. தண்ணி கொட்டுறதைப் போய் வேடிக்கை பார்ப்பது எங்க பழக்கத்தில் இல்லை. ஏரி கோடி போனால் ஊரே கரையில் நின்று பார்க்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் குற்றாலம்? அதுக்கு 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரியைச் சொல்லணும்.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறின ராத்திரி அது. மறுநாள் காலையில் எடுத்த கணக்கில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. நகரத்தில் இருக்கிறவங்களுக்கு அந்த எண் சட்டென்று உறைக்காது. எங்க பக்கம் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையில் கிட்டத்தட்டப் பாதி அது. ஒரு ஏக்கர் கழனி மேல் 51 செ.மீ. என்றால் 20 லட்சம் லிட்டர் தண்ணி. ஒவ்வொரு ஏக்கர் மேலும் அவ்வளவு. கழனிக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியல. ரெண்டாவது நாள் விடிகாலை சாத்தனூர் அணையில் இருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தாங்க. லிட்டரில் சொன்னால் ஒரு விநாடிக்கு 47 லட்சம். அரசூர்ப் பக்கம் நெடுஞ்சாலையே ஆறாப் போச்சு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணி அபாய அளவைத் தாண்டி, சென்னையில் இருந்து தெற்கே போகிற ரயில்களை நிறுத்தினாங்க.

எங்க வீட்டில் ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணி உள்ளே வந்தது. ஓட்டு வீடு, பின்சுவர் மண் சுவர். அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, முட்டிவலி. கன்னுக்குட்டியை அவிழ்த்துவிடப் போன நேரத்தில் பின்சுவர் சரிந்தது. கன்று போச்சு. எங்களை வந்து கூட்டிப் போனவர் காலனி அண்ணன். ரெண்டு கழனி தள்ளி அவருக்கு நிலம். அவரும் அவர் மகனும் கயிறு கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணியில் வந்தாங்க. அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு போய், அவர் கட்டியிருந்த தளம் போட்ட வீட்டு மாடியில் உட்கார வைத்தார். மூணு நாள் அங்கேதான் சோறு, தூக்கம் எல்லாம்.

இதை ஏன் சொல்றேன் என்றால், நான் பையனாக இருந்த 1980-களில் அந்த அண்ணனோட அப்பா எங்க வீட்டுக் கெணத்துக் கயிற்றைத் தொட முடியாது. அவங்க குடத்தைக் கீழே வைப்பாங்க, எங்க ஆயா மேலே இருந்து ஊற்றுவாங்க. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். யாரும் அதைத் தப்பென்று எனக்குச் சொல்லல. அந்த ராத்திரி மாடியில் அவங்க வீட்டுச் சொம்பில் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு அம்மா எதுவும் பேசாம உட்கார்ந்திருந்தாங்க. குளிரில் நடுங்குறாங்க என்றுதான் நினைச்சேன்.

அதுக்கப்புறம் அம்மாவுக்கு மழை என்றாலே பயம். மேகம் கறுத்தால் வாசல்படியில் வந்து உட்கார்ந்துடுவாங்க. தம்பி மகன்தான் குற்றாலம் பேச்சை எடுத்தான். பத்தாவது முடிச்சவன், எங்கேயும் போனதில்லை. "பெரிப்பா, ஆடிப்பட்டத்துக்கு முன்னால போய்ட்டு வந்துடலாம்" என்று தொந்தரவு. ஆனியில் எங்களுக்கு ஒரு பத்து நாள் கை சும்மா இருக்கும். ஆடி பிறந்தால் விதைப்பு, அசைய முடியாது. அம்மா முதலில் ஒத்துக்கல. "நான் தண்ணி பாத்தது போதும்டா, நீங்க போங்க" என்றாங்க. காலனி அண்ணிதான் பேசிச் சம்மதிக்க வைத்தாங்க: "நானும் வரேன் அத்த. நீங்க கரையில உக்காந்து பாருங்க, போதும்." இப்படியாக ரெண்டு குடும்பம், எட்டு பேர், விழுப்புரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

ரயிலுக்கும் குற்றாலத்துக்கும் ஒரு பழைய கதை இருக்கு. எங்க திண்டிவனம், விழுப்புரம் வழியா தண்டவாளம் வந்தது 1870-களில். தென்காசி, செங்கோட்டை பக்கம் ரயில் போக இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு. மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ரயில் ஓடத் தொடங்கினது 1904-இல். அப்புறம் விருதுநகரில் இருந்து தென்காசிக்கு நேர் பாதையும் வந்தது. எழும்பூரில் இருந்து கொல்லம் மெயில் எங்க ஊர் தண்டவாளத்தில் ஓடி, மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாத் தென்காசியைத் தாண்டி மலை ஏறும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் குற்றாலம் என்ற நிலைமை அப்படித்தான் உண்டாச்சு. தண்டவாளமே இல்லாத காலத்தில் வடக்கே இருந்து குற்றாலம் போறது என்றால் மாட்டு வண்டியில் வாரக் கணக்கு. கூலிக்காரனும் சின்ன விவசாயியும் யோசித்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

காலையில் தென்காசியில் இறங்கினபோதே காற்று வேற மாதிரி இருந்தது. வெயில் இருக்கு, ஆனா உறைக்கல. முகத்தில் பூ மாதிரி தூறல். இதுதான் சாரல். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் இறங்குது. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையில் பெரும்பகுதியை அந்தப் பக்கமே தடுத்து நிறுத்திவிடும். அதனால்தான் நமக்கு அந்த மாசங்களில் காற்று மட்டும் வருது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலையில் ஒரு கணவாய் இருக்கு. அந்தச் சந்து வழியா ஈரக்காற்று இந்தப் பக்கம் நுழைஞ்சிடுது. மலை உச்சியில் பெய்கிற மழை அருவியா வருது, கணவாயில் தப்பி வருகிற ஈரம் சாரலா வருது. தமிழ்நாட்டில் பெரும்பகுதி காய்கிற ஆனி, ஆடியில் இந்த மூலை நனையுறதுக்கு அந்தச் சந்துதான் காரணம். இன்னொரு விஷயம்: குற்றாலம் ஊட்டி மாதிரி உயரத்தில் இல்லை. அடிவாரம். அதனால் தண்ணியில் நின்றால் சிலிர்க்கும், விறைக்காது. கிழவியும் குழந்தையும்கூட நிற்கலாம்.

பேரருவி கிட்டத்தட்ட 200 அடி உயரத்தில் இருந்து விழுது. அவ்வளவு உயரத்தில் இருந்து நேரா நம்ம தலையில் விழுந்தால் கழுத்து உடைஞ்சிடும். நடுவில் பாறையில் ஒரு ஆழமான குழி இருக்கு. பொங்குமாங்கடல் என்று பேர். தண்ணி முதலில் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிஞ்சு அப்புறம்தான் கீழே வருது. எங்க ஏரியில் கலங்கல் செய்கிற வேலையை அங்கே பாறை செய்யுது. விவசாயி கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

இந்த அருவியில் குளிக்கிற கூட்டம் எப்படி உண்டாச்சு என்று பார்க்கலாம்.

முதலில் இது கோயில் தலம். திருக்குற்றாலநாதர் கோயில் அருவியை ஒட்டியே இருக்கு. திருஞானசம்பந்தர் பாடின ஊர். நடராசரின் ஐந்து சபைகளில் சித்திர சபை இங்கேதான். அப்போ வந்தவங்க பக்திக்காக வந்தாங்க, குளியல் என்பது தீர்த்தமாடுதல். பிறகு பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதுக்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பேர். பாட்டுக்கு நிலம் கிடைச்ச காலம்! அந்தக் குறவஞ்சியில் மலையைத் தன் சொந்த ஊர் என்று பெருமையா வர்ணிக்கிறவள் ஒரு குறத்தி. அருவியின் பெருமையைச் சொல்ல ராசாவையோ பூசாரியையோ கவிராயர் கூப்பிடல. காட்டில் கிழங்கு தோண்டுகிறவளைக் கூப்பிட்டார். இதை மனசில் வைச்சுக்குங்க.

அடுத்து வந்தது கம்பெனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க இந்த அடிவாரத்தில் ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டம் போட்டாங்க. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இங்கே செடி கொடிகளைச் சேகரிச்சிருக்கார். திருநெல்வேலி வெயில் தாங்காத துரைமாருங்க சீசன் மாசங்களில் இங்கே பங்களா கட்டித் தங்கினாங்க. அந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜாவும் ஒரு அரண்மனை கட்டினார், இன்றைக்கும் அது கேரள அரசுச் சொத்து. அதாவது, 'சீசன்' என்ற அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால் துரைமாரோட ஆரோக்கியக் கணக்கு இருக்கு. நாம் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டோம்.

ரயில் வந்த பிறகு வக்கீல், அதிகாரி, எழுத்தாளர் வந்தாங்க. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வீடு வைத்திருந்தார். ராஜாஜி, கல்கி எல்லாம் வந்து தங்கி, காலையில் அருவி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் கம்பன் என்று இருந்திருக்காங்க. டி.கே.சி. 1954-இல் காலமானார். சமாதியும் அங்கேயே. குற்றாலம் என்றால் இலக்கியம், விருந்து, நிதானம் என்று ஒரு படம் நம்ம மனசில் இருக்கே, அது அந்தக் காலத்தில் உண்டானது. என் சென்னை நண்பர் ஏங்குவதும் அந்தக் குற்றாலத்துக்குத்தான். கூட்டம் இல்லாத குற்றாலம்.

அந்தக் கூட்டம் ஏன் இல்லை என்பதை யாரும் கேட்பதில்லை. வசதி இல்லாதவன் வர முடியல என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் 1934 ஜனவரியில் வெளியே தெரிஞ்சது. தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுக்கப் பயணம் போன காந்தி குற்றாலத்துக்கும் வந்தார். அருவியில் குளிக்கலாம் என்றுதான் இருந்திருக்கார். ஆதிதிராவிட மக்கள் அந்த அருவியில் குளிக்க முடியாது என்று தெரிஞ்சதும் குளிக்க மாட்டேன் என்று சொல்லிட்டார். அவ்வளவு தூரம் வந்து, அருவியைப் பார்த்துட்டு, நனையாமத் திரும்பினார். மலையில் இருந்து கொட்டுகிற தண்ணிக்கும் எங்க வீட்டுக் கெணற்றுக் கயிற்றுக்கும் அப்போ ஒரே சட்டம்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. இந்தப் பக்கம் 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைஞ்சாங்க, அந்த வருஷமே சட்டமும் வந்தது. ஒண்ணு ஒண்ணா வழி திறந்தது. அதுக்கப்புறம் பஸ், சுற்றுலா வேன், ஐயப்பன் சீசனில் மாலை போட்ட கூட்டம், அரசாங்கம் நடத்துகிற சாரல் திருவிழா. இப்படித்தான் என் நண்பர் முகம் சுளிக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உருவாச்சு.

நாங்க நின்ற வரிசையைச் சொல்றேன். ஆம்பளைங்களுக்குத் தனி, பொம்பளைங்களுக்குத் தனி. எனக்கு முன்னால் சிவகாசியில் இருந்து வந்த அச்சுத் தொழிலாளிங்க. அவங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. பின்னால் கேரளாவில் இருந்து ஒரு குடும்பம். பக்கத்தில் துபாயில் வேலை பார்க்கிற ஒருத்தர், பதினஞ்சு நாள் லீவில் வந்தவர், பத்து வருஷம் கழிச்சு அருவியில் நிற்கிறாராம். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு ரெண்டு பெரியவங்க. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எல்லாம் அருவியில் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி வருஷமாச்சு. ஆனாலும் கடைகளில் தொங்குது. சிப்ஸ், நேந்திரம்பழம், மங்குஸ்தான், ரம்புட்டான், துண்டு, பிளாஸ்டிக் செருப்பு. ரூம் வாடகை மற்ற நாளைவிட மூணு மடங்கு. இதெல்லாம் எரிச்சல்தான், இல்லைன்னு சொல்லல.

செவ்வாய்க்கிழமை போகலாம் என்று சொல்வது சுலபம். செவ்வாய்க்கிழமை லீவு எடுக்க முடிகிறவன் யார் என்று யோசிச்சுப் பாருங்க. சீசன் ஞாயிறு என்பது கூலிக்காரன், கடைப்பையன், அச்சாபீஸ்காரன் கைக்கு எட்டுகிற ஒரே நாள்.

காலனி அண்ணன் எனக்கு முன்னால் நின்றார். எங்க முறை வந்தது. பாறையில் கால் வைச்சதும் சத்தம் காதை அடைச்சிடுச்சு. முதுகில் விழுந்த அடியில் மூச்சு நின்று வந்தது. எல்லாரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுத்தான் நிற்க முடியும், இல்லன்னா தள்ளிடும். என் கை சிவகாசிக்காரர் தோளில், அண்ணன் கை என் தோளில். யார் என்ன ஊர், என்ன சாதி என்று யாருக்கும் கேட்க நேரமில்லை, கேட்டாலும் காதில் விழாது. மேலே இருந்து விழுந்த தண்ணி என்னைத் தொட்டுத்தான் அவர் மேல் போச்சு, அவரைத் தொட்டு என் மேல் வந்தது. எங்க ஆயா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாங்க என்று நினைச்சேன். வெட்கமாவும் இருந்தது, சந்தோஷமாவும் இருந்தது.

மூணு நிமிஷம் இருக்கும். விசில் சத்தம், அடுத்து சங்கு. போலீஸ்காரங்க எல்லாரையும் வெளியே விரட்டினாங்க. மேலே மலையில் நல்ல மழையாம். தம்பி மகன் அப்போதான் உள்ளே காலை வைத்தான். அவனுக்கு அழுகையே வந்துடுச்சு. "ரெண்டு மணி நேரம் நின்னேன் பெரிப்பா, தண்ணி அப்படியேதானே இருக்கு" என்றான். நான் அவன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். சில இளைஞர்கள் போலீஸோட வாக்குவாதம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

கால் மணி நேரத்தில் நிறம் மாறிச்சு. வெள்ளையா விழுந்த தண்ணி செம்மண் கலரில் வந்தது. அடுத்து கிளை, இலை, கல். நாங்க நின்ற இடத்தில் பாறையே தெரியல. தம்பி மகன் பேச்சை நிறுத்திட்டான்.

2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்தது இதுதான். கோடை மழை. கீழே குளிச்சவங்களுக்கு மேலே பெய்ஞ்சது தெரியல. திடீர்னு வெள்ளம் பாய்ஞ்சது. பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுக்கிட்டுப் போய் இறந்தான். எங்க வீட்டுப் பையனைவிட ஒரு ரெண்டு வயசு கூட. அருவிக்கு வருகிற தண்ணி உங்க தலைக்கு மேல் பெய்யுறதில்லை, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பெய்யுது. ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு இது தெரியும். உள்ளூர் மழையைவிட மேல்மடையில் இருந்து வருகிற தண்ணிதான் கரையை உடைக்கும். சாத்தனூரில் திறந்தது எங்களுக்கு வந்த மாதிரி. சங்கு ஊதினால் ஓடிடுங்க, வரிசையில் நின்ற நேரத்தைக் கணக்குப் பார்க்காதீங்க. இந்தப் பதிவில் நீங்க ஒண்ணை மட்டும் எடுத்துக்கணும்னா இதை எடுத்துக்குங்க.

அம்மாவைத் தேடிப் போனேன். கரையில் உட்கார்ந்திருப்பாங்க என்று பார்த்தால் காணோம். எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. அப்புறம் பார்த்தால் பொம்பளைங்க பக்கம் இருந்து தலை முதல் கால் வரை நனைஞ்சு, அண்ணி தோளில் சாய்ஞ்சுக்கிட்டு நடந்து வராங்க. சங்கு ஊதுறதுக்கு முன்னாலேயே உள்ளே போய்ட்டாங்களாம். "வயசானவங்களுக்கு வழி வுடுங்கன்னு அண்ணிதான் சத்தம் போட்டு உள்ள கூட்டிக்கினு போனா" என்றாங்க.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னாடா பயம், இவதான் கெட்டியாப் புடிச்சிருந்தாளே."

அதுக்கு மேல் எதுவும் சொல்லல. தலையைத் துவட்டிவிட்டது அண்ணி. அம்மா குழந்தை மாதிரி குனிஞ்சு காட்டிக்கிட்டு நின்றாங்க.

சாயங்காலம் அருவி மூடியே இருந்தது. நானும் அண்ணனும் தண்ணி எங்கே போகுது என்று பார்க்கக் கீழே நடந்தோம். விவசாயிங்க ரெண்டு பேர் சுற்றுலா போனால் இதுதான் நடக்கும். அருவித் தண்ணி சிற்றாறா ஓடுது. வழியில் வரிசையா அணைக்கட்டு, அங்கங்கே வாய்க்கால், வாய்க்காலில் இருந்து குளம். தென்காசிப் பக்கம் கார் நடவுக்குச் சேறு அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாங்க குளிச்ச தண்ணி அங்கே மடை திறந்து பாய்ஞ்சுக்கிட்டு இருந்தது. கடைசியில் சீவலப்பேரிப் பக்கம் போய்த் தாமிரபரணியில் கலக்குமாம். வரப்பில் நின்ற ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். "சீசன் நல்லா இருக்கா?" என்று வழக்கம் போலக் கேட்டேன். "உங்களுக்கு அருவில விழுந்தா சீசன். எங்களுக்குக் குளம் பெருகுனாத்தான் சீசன்" என்றார். வாய்க்காலில் மிதந்து வந்த ஷாம்புக் கவர் ரெண்டைக் குச்சியால் எடுத்து வரப்பில் போட்டார். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. மேலே குளிக்கிற நம்ம ஆளுங்களுக்கு அது அருவி. இங்கே ஒருத்தர் கழனிக்கு அது பாசனம். எங்க ஏரியில் யாராவது சோப்புக் கரைச்சால் நாங்க சும்மா விடுவோமா?

ஆக, என் சென்னை நண்பருக்குப் பதில் இதுதான். கூட்டத்துக்கு நடுவில் குளிச்சது கஷ்டம்தான். ஆனா கூட்டம் இல்லாத அந்தப் பழைய குற்றாலத்தில் நாங்க எட்டு பேரும் சேர்ந்து நின்றிருக்க முடியாது. சிலருக்குக் காசு தடுத்திருக்கும், சிலருக்குச் சாதி தடுத்திருக்கும். அந்த வரிசை உருவாக நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கு. அதில் ரெண்டு மணி நேரம் நிற்கிறது எனக்குப் பெருசாத் தெரியல. நெரிசலைக் குறைக்க வழி செய்யட்டும், குப்பையை நிறுத்தட்டும், மேலே பெய்யுற மழையைக் கீழே இருக்கிறவனுக்கு நேரத்தோட சொல்லட்டும். ஆட்களைக் குறைக்கணும் என்று மட்டும் யாரும் சொல்ல வேணாம்.

ஊர் திரும்பி மூணாவது நாள் ஆடி பிறந்தது. சரிஞ்ச பின்சுவரை இப்போதான் செங்கல்லில் கட்டியிருக்கோம். அண்ணன் கொல்லியில் மல்லாட்டை விதைப்பு, நான் ஏர் ஓட்டப் போனேன். எங்க கொல்லிக்கு அவர் வந்தார். மத்தியானம் அம்மா கூழ் கொண்டு வந்தாங்க. பழைய கெணத்துல இப்போ தண்ணி இல்லை, தூர்ந்து போச்சு. ராட்டினக் கட்டை மட்டும் நிற்குது. அதன் நிழலில் உட்கார்ந்து எல்லாரும் ஒரே சொம்பில் தண்ணி குடிச்சோம். அம்மா வானத்தைப் பார்த்தாங்க. மேற்கே கொஞ்சம் கறுத்திருந்தது.

"பெய்யட்டும்" என்றாங்க.